பிலோமினா குளித்துவிட்டுத்தான் போனாள்

அந்தச் செய்தி வந்தபோது என் இரண்டு கையிலும் நுரை. முதியோர் இல்லத்துக் குளியலறையில் ஒரு பாட்டிக்குத் தலை அலசிக்கொண்டிருந்தேன். எங்களோடு வேலை செய்கிற இந்தோனேசியப் பெண் சுமார்னி கைப்பேசியோடு வாசலில் வந்து நின்றாள். "காக், பிலோ டா தக் அடா," என்றாள். பிலோமினா இனி இல்லை என்பதை மலாயில் அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. தலையில் சோப்போடு ஒருவரை உட்கார வைத்துவிட்டு அழ முடியுமா, கண்ணில் வழிந்துவிடாதா? அலசினேன், துவட்டினேன், பவுடர் போட்டேன், சட்டை மாட்டிக் கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். அதற்குப் பிறகு இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். ஆறு பேரையும் முடித்துவிட்டுத் துணி காயப்போடும் இடத்துக்குப் போய் அழுதேன். அதையும் ஒழுங்காக அழவில்லை, அவ்வளவு அலுப்பு.

மறுநாள் பாசிர் கூடாங்கில் அவளுடைய மகன் வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடி வீட்டின் கீழே கூடாரம் போட்டு நாற்காலி அடுக்கியிருந்தார்கள். எனக்குப் பின்வரிசையில் இரண்டு பெண்கள். ஒருத்தி சொன்னாள்: "ஊரையே குளிப்பாட்டினவ, கடைசில தான் குளிக்காம போய்ச் சேந்துட்டா, பாத்தியா." மற்றவள், "ஆமாலா, மருமகப் பொண்ணு எவ்ளோ கெஞ்சியும் தண்ணிய தொடவே இல்லையாம், ரூமே நாறிப் போச்சாம்," என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. திரும்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சாவு வீடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நாலு வார்த்தையைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் யோங் பெங் முதியோர் இல்லத்தில் எங்களோடு வேலை செய்தவர்கள். மீதிப் பேர் பாலோவில் அவளுடைய மாதா கோயில்காரர்கள். உங்கள் எல்லாருக்கும் பிலோமினாவைத் தெரியும். அவளுடைய கடைசி நாட்கள்தான் தெரியாது. ஒரு பெண்ணின் குளியலறையைப் பற்றி ஊருக்கு எழுதலாமா என்று எனக்கும் தயக்கம் இருந்தது. அவள் மகனிடம் கேட்டேன். "எழுதுங்க ஆன்ட்டி, அம்மா பேரு கெடக்கூடாது," என்றான். அவளை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, என்னைவிட இரண்டு வயது சின்னவள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் எங்கள் இல்லத்துக்கு வந்தபோது நான் ஏற்கெனவே மூன்று வருடம் அங்கே முதுகொடிந்திருந்தேன். அதற்கு முன்னால் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அங்கே ஒரு பொருளுக்கு இத்தனை வினாடி என்று பழகியவள், இங்கேயும் ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். நாற்காலியில் வை, சட்டையைக் கழற்று, டயப்பரை அவிழ், தண்ணீர் ஊற்று, சோப்பு, தண்ணீர், துவட்டு, அடுத்த ஆள். என்னை யாரும் குறை சொன்னதில்லை. பதினொரு பேர் என் பங்கு, பத்து மணி டீக்கு முன்னால் எல்லாரும் மணக்க மணக்க உட்கார்ந்திருப்பார்கள். பிலோமினாவோ ஒரு ஆளுக்கு அரை மணி நேரம். செம்பனைத் தோட்டத்தில் பழம் பொறுக்கியவள், புருசன் செத்தபின் டவுனுக்கு வந்தவள், வேகம் பழகவில்லை என்று முதல் வாரம் பொறுத்தேன். இரண்டாவது வாரம் அவள் பங்கில் மூன்று பேர் என் தலையில் விழுந்தார்கள். குளியலறை வாசலில் நின்று கத்தினேன். "என்னடி, உள்ள பூசையா நடக்குது?" உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "இந்தா முடிஞ்சிருச்சு அக்கா, கைலி மாத்திக்கிட்டு இருக்காங்க."

கைலிதான் விஷயம். பெண்களை அவள் வெறும் உடம்பாக நாற்காலியில் உட்கார வைக்கவே மாட்டாள். முதலில் மாரோடு சேர்த்து ஒரு கைலியைக் கட்டுவாள். அதற்குள்ளேயே சட்டையை உருவுவாள். கைலியின் மேலேயே தண்ணீர் ஊற்றி, கையை மட்டும் உள்ளே விட்டுச் சோப்புப் போடுவாள். அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு, எல்லாம் கை பார்த்துக்கொள்ளும். அவள் கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். முடிந்ததும் காய்ந்த கைலியை மேலே போட்டு ஈரத்தைக் கீழே நழுவ விடுவாள். தோட்டத்துக் குழாயடியில் குளித்த பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான். ஆனால் அதை ஒரு நாற்காலியில், கால் நடுங்குகிற எண்பது வயசுக்காரிக்குச் செய்து பாருங்கள், அப்போது தெரியும். "கண்ணு வேணாம் அக்கா, கை போதும்," என்பாள்.

எனக்கு அப்போது அது ஒன்றும் மனசில் ஏறவில்லை. தினமும் பத்துப் பன்னிரண்டு ஈரக் கைலி கூடுதலாகத் துவைக்க வேண்டும், அதுதான் ஏறியது. இல்லத்தை நடத்துகிற மேடமிடம் நானே போய்ச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், கோள் மூட்டினேன். மேடம் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். பிலோமினா எதுவும் வாதாடவில்லை. "துணிய நான் வீட்டுக்குக் கொண்டுபோயி தொவச்சிட்டு வர்றேன் மேடம்," என்றாள். சொன்னபடியே ஒரு வாரம் பெரிய பையில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸில் சொட்டுகிறது என்று ஓட்டுநர் திட்டியிருக்கிறார். எட்டாவது நாள் எனக்கே பொறுக்கவில்லை, அந்தப் பையைப் பிடுங்கி நம் இயந்திரத்திலேயே போட்டேன். "இதுக்கு நேரடியா என்னய ரெண்டு அறை அறஞ்சிருக்கலாம்," என்றேன். சிரித்தாள். அவளுக்கு ஒரு பக்கத்துப் பல் கிடையாது, சிரித்தால் கையால் மூடிக்கொள்வாள்.

சவரிமுத்து ஐயாவின் கதையை எங்கள் ஆட்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அவர் வந்த நாள் முதல் குளியலறை வாசலில் தகராறு. சுமார்னி கையைப் பிடித்து, "மண்டி, பாக், மண்டி," என்று அழைத்துப் போவாள். வாசற்படி தாண்டியதும் மனுசன் பொத்தென்று தரையில் முழங்காலைப் போட்டுவிடுவார். தூக்கினால் அடிப்பார். இரண்டு முழங்காலும் கன்றிப் புண்ணாகிவிட்டன. 'குளிக்க மறுக்கிறார், அடிக்கிறார்' என்று பதிவுப் புத்தகத்தில் எழுதியது நான்தான், ஐந்து நாள் தொடர்ந்து எழுதினேன். எங்களால் முடியாது, வேறு இடம் பாருங்கள் என்று மேடம் அவர் மகளுக்குச் சொல்லிவிட்டார். அந்த மகளுக்கு வேறு இடம் கிடையாது, வரவேற்பு அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

ஆறாவது நாள் பிலோமினா கூடப் போனாள். சுமார்னி வழக்கம்போல 'மண்டி' என்றாள், அவர் வழக்கம்போல முழங்காலில் விழுந்தார். பிலோமினா அவரைத் தூக்கவில்லை. அவளும் ஈரத் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "ஏன் ஐயா மண்டி போட்டீங்க?" என்று கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாத்தியாரு போடச் சொல்றாரே. வாய்ப்பாடு ஒப்பிக்கல," என்றாராம். மலாயில் 'மண்டி' என்றால் குளி. நாம் எல்லாரும் பிறந்ததிலிருந்து கேட்கிற சொல். ஐம்பது வருடம் மலாய்க்காரர்களோடு லாரி ஓட்டிய மனுசனுக்கு அந்த மலாய் மொத்தமும் மறதியில் உதிர்ந்துபோய், தோட்டத்துப் பள்ளிக்கூடத் தமிழ் மட்டும் அடியில் தங்கியிருந்தது. தினமும் காலையில் ஒருவர் வந்து மண்டி போடச் சொல்கிறார், இவரும் சொன்னபடி போடுகிறார். போட்டவரை ஆள் சேர்ந்து தூக்கினால் அடிக்காமல் என்ன செய்வார்?

அன்றிலிருந்து அவர் எதிரில் அந்தச் சொல்லை யாரும் சொல்லக்கூடாது என்று பிலோமினா சட்டம் போட்டாள். சுமார்னிக்கு, "குளிக்கலாமா ஐயா," என்று சொல்லிக் கொடுத்தாள். சுமார்னி அதை 'குலிக்கலாமா' என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள். அவர் எழுந்து குழந்தைபோல நடந்து போனார். புத்தகத்தில் நான் எழுதிய ஐந்து வரிகளை அடித்துவிடச் சொல்லி பிலோமினா கேட்கவே இல்லை. நானே போய் அடித்தேன். மகள் பழம் வாங்கிக்கொண்டு வந்து எனக்கும் கொடுத்தார், எந்த முகத்தோடு வாங்குவது? வாங்கினேன், தின்றேன்.

அவளைத் தெய்வமாக்க நான் உட்காரவில்லை. கோபம் வந்தால் பேசாமல் மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். கையுறை போடச் சொன்னால் பாதி நாள் போட மாட்டாள், அதற்காக நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். நகம் வெட்டுவதில் மட்டும் சரியான பயந்தாங்கொள்ளி. சர்க்கரை நோய்க்காரர்களின் கால் நகம் என்றால் கத்திரியை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிடுவாள். பதிலுக்குப் பல் செட்டுக் கழுவுகிற வேலையை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வாள், எனக்கு அது குமட்டும். இப்படி ஒருத்தி அருவருப்பை ஒருத்தி மாற்றிக்கொண்டு ஒன்பது வருடம் ஓட்டினோம். கூட்டாளி என்றால் எனக்கு அதுதான் அர்த்தம்.

போன வருடம் அவளுக்குக் குடலில் கட்டி என்றார்கள். அறுத்து எடுத்து, வயிற்றில் வழி செய்து பை ஒட்டிவிட்டார்கள். மலம் அந்தப் பையில்தான் இறங்கும். வேலையை விட்டாள், மகனோடு பாசிர் கூடாங்குக்குப் போனாள். தொலைபேசியில் பேசினால் நன்றாகத்தான் பேசுவாள். ஒரு நாள் மருமகள் ஜெசிந்தா என்னைக் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அத்தை குளிச்சு பன்னெண்டு நாளாச்சு. ரூமுக்குள்ள யாரையும் விட மாட்டேங்கறாங்க. நர்ஸ் வந்தாங்க, அவுங்களையும் திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க." சின்னப் பெண், அழுதுகொண்டே சொன்னாள். அந்தப் பெண்ணையும் கூடாரத்தில் உட்கார்ந்து வேறு சிலர் குறை பேசினார்கள்.

என் ஓய்வு நாள் செவ்வாய். யோங் பெங்கிலிருந்து ஒரு பஸ், லார்க்கினில் இறங்கி இன்னொரு பஸ். அறைக் கதவைத் திறந்ததும் வாடை அடித்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முடி சிக்குப் பிடித்துத் தலையணையோடு ஒட்டியிருந்தது. "பிலோமினா, குளிக்கலாமா?" என்றேன், அவள் எப்படிக் கேட்பாளோ அப்படியே, மெதுவாக. திரும்பிப் பார்த்தாள். "என்கிட்டயேவா?" என்றாள்.

நானும் விடவில்லை. "கைலி கொண்டாந்திருக்கேன். கட்டிவிடுறேன். நீ சொல்ற மாதிரியே, கண்ணு வேணாம், கை போதும். கண்ணை மூடிக்கிறேன், போதுமா?"

"கண்ண மூடிக்குவீங்க அக்கா. மூக்க என்ன பண்ணுவீங்க?"

ஒன்பது வருடம் நாங்கள் மூக்கைப் பற்றிப் பேசியதே கிடையாது. தைலத்தை மேலுதட்டில் தடவிக்கொண்டு வேலையைப் பார்ப்போம், பார்க்க வருகிற பிள்ளைகளிடம் சிரிப்போம், அவ்வளவுதான். நாங்கள் தைலம் தடவுவதைக் கட்டிலில் கிடக்கிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவளுக்கு அது படுத்தபின் உறைத்திருக்கிறது. "எத்தன பேருக்கு முன்னாடி மூஞ்சிய சுளிச்சிருப்பேன் அக்கா, எனக்குத் தெரியாமலே," என்று சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பையை மட்டும் அவளே மாற்றிக்கொண்டாள், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு. நான் கொண்டுபோன கைலியைத் திருப்பிக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன், இப்படியே இவள் செத்துப்போனால் என்ன செய்வது? அந்த அழுக்கும் சிக்குமாக இவளைப் பெட்டியில் வைப்பதா? எத்தனை பேரை மணக்க வைத்தவள்.

அடுத்த செவ்வாய் மறுபடி போனேன். அன்றைக்குப் பார்த்து பஸ்ஸில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை, வழியில் நெரிசல், லார்க்கினில் ஒரு மணி நேரம் நின்றேன். முந்தின நாள் ஒரு ஆள் குறைந்து இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்த உடம்பு. வீட்டு வாசலை மிதிக்கும்போது என் வாடையை என்னாலேயே தாங்க முடியவில்லை. இதை நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று நினைக்காதீர்கள், எனக்கு அவ்வளவு மூளை கிடையாது. அவளிடம் கெஞ்சவும் அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை. "பிலோமினா, நான் நாறிப்போயி வந்திருக்கேன். மொதல்ல நான் குளிக்கணும். நீ குளி, குளிக்காமப் போ, என்னவோ பண்ணு," என்றேன். அவளுக்காகக் கொண்டுபோன கைலியை நானே மாரோடு கட்டிக்கொண்டு அவள் அறைக் குளியலறைக்குள் நுழைந்தேன். கதவைச் சாத்தக்கூட அலுப்பு.

வாளி நிறைய தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டேன். என் வலது தோள் ஒரு வருடமாக மேலே தூக்க வராது, ஆட்களைத் தூக்கித் தூக்கி வந்த வினை. இடது கையால் சோப்பை முதுகுக்குக் கொண்டுபோகப் பார்த்தேன், நழுவிக் கீழே விழுந்து கழிப்பறைக் கோப்பைக்குப் பின்னால் ஓடிவிட்டது. "அலமாக்," என்று தலையில் அடித்துக்கொண்டேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"என்னா அக்கா, முதுகு எட்டலையா?"

"எட்டல."

"எத்தன நாளா?"

"ஒரு வருசமா நான் என் முதுகுக்கு சோப்பு போடல, போதுமா?"

அப்புறம் சுவரைத் தடவித் தடவி வருகிற சத்தம். வாசலில் நின்றாள், எலும்பும் தோலுமாக, வயிற்றுப் பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. "சொல்லக்கூடாதா? ஒம்பது வருசம் பக்கத்துல நின்னேன். இத வாயத் தொறந்து சொல்லக்கூடாதா?" என்று என்னைத் திட்டினாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பின்னால் உட்கார்ந்தாள். நான் ஓடிய சோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கீழே குந்தினேன். ஒரு குவளை தண்ணீரை என் தோளில் ஊற்றினாள். தேய்க்கிற நாரை வாங்கிச் சோப்புப் போட்டு, அந்த வலிக்கிற தோள்பட்டைக்கு அடியில் ஆரம்பித்து மெதுவாகத் தேய்த்தாள். கையில் பலமே இல்லை. தேய்த்துக்கொண்டே, "யப்பா, எவ்ளோ அழுக்கு அக்கா. இத வச்சிக்கிட்டா ஊருல உள்ளவங்கள சுத்தம் பண்ணுறீங்க?" என்றாள். நான் ஓ என்று அழுதேன். எதற்கு அழுதேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வேலை அலுப்பு, அவள் நோய், எல்லாம் சேர்ந்து வந்தது.

அழுது முடித்து மூக்கைச் சிந்தினேன். அவள் என் முதுகில் தண்ணீர் ஊற்றி நுரையைக் கழுவினாள். குவளையை என் கையில் கொடுத்துவிட்டு, தன்னுடைய நாற்காலியைத் தானே திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "சரி, இப்ப எனக்கு ஊத்துங்க," என்றாள். காய்ந்த துண்டு ஒன்றை அவளுக்கு மாரோடு கட்டினேன். தலைக்கு மூன்று முறை சோப்புப் போட வேண்டியிருந்தது. சிக்கை விரலால் எடுக்க ஒரு மணி நேரமே ஆகியிருக்கும். என் வாழ்நாளில் ஒருவரை அவ்வளவு மெதுவாக நான் குளிக்க வைத்தது கிடையாது. பையைச் சுற்றித் துடைத்தபோது மட்டும் அவள் உடம்பு விறைத்தது. "பிலோமினா, வாடை வருது. எனக்கும்தான் வந்துச்சு, நீ தேய்க்கலையா?" என்றேன். உடம்பைத் தளர விட்டாள். தைலம் என் பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை.

ஜெசிந்தா படுக்கை விரிப்பை மாற்றிச் சன்னலைத் திறந்து வைத்திருந்தாள். மூன்று பேரும் சூடாக மைலோ குடித்தோம். பிலோமினா மருமகளிடம், "நாளைலேந்து நீ ஊத்து, ஆனா ஒன் தலையையும் எங்கிட்ட காட்டணும், எண்ணெய் வச்சு விடுவேன்," என்றாள். அப்படித்தான் நடந்தது என்று ஜெசிந்தா சொன்னாள். கடைசி ஒன்பது நாளும் மாமியார் குளித்தார், மருமகளுக்குத் தலை வாரிவிட்டார். பின்வரிசையில் உட்கார்ந்து பேசிய அந்த இரண்டு பேருக்கும் இதுதான் என் நாலு வார்த்தை. அவள் குளித்துவிட்டுத்தான் போனாள், அடுத்தவளைக் குளிக்க வைத்துவிட்டுத்தான் போனாள்.

இல்லத்தில் இப்போது நான் யாரிடமும் பத்து நிமிடக் கணக்குப் பார்ப்பதில்லை, மேடம் அதற்காக இரண்டு முறை முறைத்துவிட்டார். கை கொஞ்சமாவது அசைகிறவர்களிடம் நாரைக் கொடுத்து என் கையையாவது தேய்க்கச் சொல்கிறேன். மற்றபடி நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நம்ப வேண்டாம். அலுப்பு அப்படியேதான் இருக்கிறது, தோள் இன்னும் தூக்க வரவில்லை. வேலை முடிந்து வீட்டில் குளிக்கும்போது என் முதுகின் நடுவில் ஒரு இடம் எந்தக் கைக்கும் எட்டாமல் இருக்கிறது. அங்கே கடைசியாகச் சோப்புப் போட்டது பிலோமினா.